டர்போ மேல் வைத்த செவ்வந்தி

எங்கள் மகளை வால்பாறையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு எஸ்டேட் ஆபீசில் வேலை. ஏழாம் மாதம், கட்டுச்சோறு கொண்டுபோய் அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வர நாள் குறித்தாகிவிட்டது. பஸ்ஸில் அந்த மலை வளைவுகளில் இறங்கினால் சும்மாவே அவளுக்குக் குடல் புரளும். எங்கள் பழைய டீசல் காரோ, போன தடவை ஆழியாறு தாண்டி ஏறும்போது சூடாகிப் பாதியில் நின்றுவிட்டது.

"வாடகைக் கார் புடிச்சாப் போச்சுங்க" என்றாள் வீட்டுக்காரி. பிடித்திருக்கலாம். பிள்ளைத்தாய்ச்சி மகளை நானே வண்டி ஓட்டி அழைத்து வரவேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது, நின்றால் நடக்கத் தோன்றியது.

படிப்பு எட்டாவதோடு சரி என்றாலும் பம்ப்செட் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவன் நான். எங்கள் வண்டி ரகத்திலேயே டர்போ வைத்த மாடல் ஒன்று உண்டு, மலை ஏறத் திணறாது. அதன் என்ஜினை எங்கள் வண்டிக்கு மாற்றிவிடலாம் என்று தேடியதில், உக்கடத்தில் பழைய பாகம் விற்கும் பாயிடம் கிடைத்தது.

"ஏனுங்க, இதை வெச்சு ஏரோப்ளேன் உடப் போறீங்களா?"

"வால்பாறைக்குப் போகோணுமுங்க பாய்."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்று சிரித்தார்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்கி, போர்ட்டிகோ இரும்பு உத்தரத்தில் கனம் தூக்கும் செயின் பிளாக் மாட்டி, பழைய என்ஜினை இறக்கினோம். 'னோம்' என்றால் நானும் மச்சினனும். புது என்ஜினைப் பிரித்துக் கழுவி, தேய்ந்ததை மாற்றிக் கோத்தேன். டர்போ என்பது உள்ளங்கை அளவு விசிறி. வெளியே போகிற புகை அதைச் சுழற்றும், அது காற்றை அள்ளி என்ஜினுக்குள் திணிக்கும். சுற்றுகிற வேகத்தில் சின்னத் தூசி போனாலும் அதற்கு ஆகாது.

தினமும் குளித்து, மருதமலைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டு, என்ஜினுக்குத் திருநீறு பூசி, ஒரு செவ்வந்தியும் வைத்த பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவேன். மச்சினன் கேலி செய்வான்: "மச்சான், ஆயிலை மறந்தாலும் பூவை மறக்க மாட்டீங்க."

எல்லாம் முடுக்கியாகிவிட்ட அன்று சாயங்காலம், சாவி போடுகிற நேரத்தில் எனக்குச் சுருக்கென்றது. காலையில் டர்போ மேல் வைத்த பூ எங்கே? என்ஜின் மேல் இல்லை. அடியில் குனிந்து பார்த்தேன், இல்லை. காற்றுக்குழாயை மாட்டும்வரை டர்போவின் வாய் திறந்துதான் கிடந்தது.

"பறந்திருக்குமுங்க. சாவியப் போடுங்க, நல்ல நேரம் போகுது" என்றான் மச்சினன்.

"உள்ள போயிருந்தா?"

"பூவு தானுங்களே மச்சான், வெடிகுண்டா?"

அவன் சொன்னது நியாயம்தான். சாவியைத் தொட்டேன், எடுத்தேன். மறுபடி தொட்டேன். முருகா, இந்த வண்டியிலா என் மகளை ஏற்றுவேன்? இறங்கிப் போய்க் குழாயைப் பிடித்திருந்த கிளாம்பைத் தளர்த்தினேன். மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான்.

குழாயைக் கழற்றி அதற்குள் விரலை விட்டேன். ஏதோ மெத்தென்று பட்டது. பூ இல்லை. இழுக்க இழுக்க வந்தது, என் பழைய வேட்டித் துண்டு. தூசி போகாமல் இருக்க ஒரு வாரம் முன்னால் குழாயின் உள்வளைவில் நானே அடைத்து வைத்தது. ஓட்டியிருந்தால் அப்படியே விசிறியில் போய்ச் சுற்றியிருக்கும்.

அதற்குள் காபியோடு வீட்டுக்காரி வந்தாள். அவள் கொண்டையில் மஞ்சளாக அந்தச் செவ்வந்தி.

"இது எங்க எடுத்த?"

"வண்டி மேல வாடிட்டுக் கெடந்துச்சுங்க. சாமி பூவாச்சேன்னு வெச்சுகிட்டேன். ஏனுங்க, வெக்கக் கூடாதா?"

துண்டைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு, "முருகந்தானுங்க காட்டிக் குடுத்தான்" என்றாள். நானும் நம்புகிறேன். ஆனால் நிம்மதி வரவில்லை. காட்டிக் கொடுத்தது ஒன்றைத்தானே, வேறு என்னென்ன மறந்தேனோ என்று அடுத்த நாளெல்லாம் ஒவ்வொரு குழாயாகக் கழற்றிப் பார்த்தேன். அப்புறம்தான் சாவி போட்டேன். என்ஜின் மெல்ல விசிலடித்தபடி ஓடியது. தனியாக ஒருமுறை மலை ஏறி இறங்கியும் பார்த்துவிட்டேன். சூடு ஏறவில்லை.

குறித்த நாளில் மகளை அழைத்து வந்தோம். பின் சீட்டில் அம்மா மடியில் தலை வைத்திருந்தவள், இறக்கத்தில் கேட்டாள்: "ஏனுங்கப்பா, ஒரு முருகன் பாட்டாச்சும் போடலாமுல்லங்க?"

"ஊட்டுக்குப் போய்க் கேட்டுக்கலாம் கண்ணு. இப்ப எனக்கு வண்டிச் சத்தம் கேக்கோணும்."

ஆழியாறு வந்தபோது அவள் தூங்கியிருந்தாள். நான் கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.