பாலும் பருத்தியும்

அப்பா பேரையூர்ப் பக்கத்துக் காடுகளில் பருத்தி வாங்கி மில்லுக்கு ஏற்றிவிடுகிறவர். எந்த மூட்டையையும் மேலாகப் பார்த்து வாங்கியதில்லை. நடுவில், அடியில் என்று முழங்கை வரை கையை விட்டு உருவிப் பார்ப்பார். "மேல இருக்குற பஞ்சு மாப்பிள்ளைக் கோலத்துல இருக்கும். ஈரமெல்லாம் அடியிலதான் கெடக்கும்" என்பார். ஆனால் பால் வாங்கும்போது ஒரு சொட்டை நகத்தில் விட்டுப் பார்ப்பதோடு சரி. "கேன் பூராம் ஒரே பாலுதான? எம்புட்டு எடத்துல பாக்க?"

ஒரு மழைக்காலத்தில் முதலில் எனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் விட்டது. எங்கள் வீட்டில் காய்ச்சல் விட்டால் தலைக்கு ஊற்றி மிளகு ரசச் சோறு போடுவார்கள். அதோடு நோய் போய்விட்டது என்று அர்த்தம். எனக்கு அப்படித்தான் போனது.

அடுத்து தங்கைக்கு வந்தது. அவளுக்கும் விட்டது. அம்மா வெந்நீர் வைத்தார். தங்கை மட்டும் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். அப்பா அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சூடே இல்லை என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"ஒங்க அண்ணனுக்கும் இப்பிடித்தான் ஆத்தா. விட்டதும் அசதியா இருக்கும்."

சாயங்காலம் அவள் கை கால் சில்லிட்டுப்போனது. கார் பிடித்து மதுரைக்குக் கிளம்பினோம். திருமங்கலம் தாண்டுவதற்குள் அம்மாவின் மடியிலேயே அவள் உயிர் அடங்கிவிட்டது. டெங்கு என்றார்கள் ஆஸ்பத்திரியில். அதில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தாம்.

மூட்டைக்கு மூட்டை சந்தேகப்பட்ட மனிதர், காய்ச்சலை மட்டும் பால் மாதிரி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று நம்பிவிட்டார். ஊரே அப்படித்தான் நம்பியது. ஆனாலும் எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது, பல வருஷம் ஆறவும் இல்லை.

இப்போது அவர் என்னோடு கோச்சடையில் இருக்கிறார். போன மாதம் என் மகளுக்குக் காய்ச்சல் வந்து, பிறகு விட்டது. ரத்தம் பார்த்த டாக்டர் வெறும் சளிக் காய்ச்சல்தான் என்றார். அப்பா கேட்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நெற்றி, உள்ளங்கை, பாதம் என்று மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டே இருந்தார்.

"எனக்குச் சரியாயிருச்சு தாத்தா, விடுங்க" என்று அவள் சிணுங்கினாள்.

"போதும்ப்பா, அவ தூங்கட்டும்" என்றேன் நானும்.

அவர் அவள் பாதத்தை விடவில்லை. என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அன்னைக்கு நான் நெத்திய மட்டுந்தான் தொட்டுப் பாத்தேன்."