ஆக்னஸ் அக்காவின் செக்கிங்

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு மாடிப்படியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெண்கள் கைபேசியோடு உட்கார்ந்திருப்பார்கள். கோயிலிலிருந்து திரும்பியதும் பக்கத்து வீட்டு ஆக்னஸ் அக்கா ஒவ்வொன்றாக வாங்கிப் பார்ப்பாள்.

"பார்சல் நிக்குதாம், லிங்க்க அமுக்கணுமாம்."

"இன்னா வாங்குன?"

"ஒண்ணும் வாங்கலியே."

"அப்ப உன் மாமியாரா அனுப்பும்? தொடாத, அழி."

அவள் எட்டாவது வரை படித்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி ஏற்றுமதி கம்பெனியில் பதினாறு வருடமாகச் செக்கிங். தைத்து வரும் சட்டையை உள்பக்கம் திருப்பி, தையல் விட்ட இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. நான் வேலப்பன்சாவடியில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். தமிழும் நன்றாக வரும். ஆனாலும் நான் பக்கத்தில் நிற்கும்போதே என் அம்மா ஜெயகுமாரி தன் கைபேசியை அவளிடம்தான் நீட்டுவாள்.

ஒரு புதன்கிழமை அம்மாவுக்கு ஆங்கிலத்தில் மெசேஜ் வந்தது. போன மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இரவு ஒன்பதரைக்கு இணைப்பைத் துண்டிப்போம், இந்த எண்ணில் அதிகாரியை அழைக்கவும். இரண்டு இலக்கணப் பிழைகள் இருந்தன. ஆபீஸ் ஆங்கிலம் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"ஆக்னஸ் வரட்டும், காட்டிடலாம்" என்றாள் அம்மா.

"ஏம்மா, எனக்குப் படிக்கத் தெரியாதா?"

"உனக்குப் படிக்கத் தெரியும்டி. அவளுக்குப் பாக்கத் தெரியும்."

அதைக் கேட்டதும் முகம் சுட்டது. ஒரு தடவையாவது அவள் வருவதற்குள் நானே முடித்துவிட வேண்டும். அம்மா துணி எடுக்க மாடிக்குப் போனதும் அவள் கைபேசியிலிருந்தே அந்த எண்ணை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டேன். பேசியவன் என்னை 'மேடம்' என்றான். ஒரு லிங்க் அனுப்பினான். அமுக்கினேன். ஏதோ ஒரு ஆப் இறங்கத் தொடங்கியது.

வேலை முடிந்து வந்த ஆக்னஸ் அக்கா, சாப்பாட்டுப் பையோடு எங்கள் வாசலில் நின்றுவிட்டாள். "லாஸ்ட் மன்த் பில் மேடம்" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கைபேசியை என்னிடமிருந்து வாங்கினாள்.

"அண்ணாத்தே, எங்க ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு தபாதான் கரண்ட் பில்லு. போன மாசம் பில்லே கெடையாது. நீ எந்த ஊரு கரண்ட்ட கட் பண்ணப் போற?"

அவன் வைத்துவிட்டான். அவள் முதலில் நெட்டை நிறுத்தினாள், பிறகு இறங்கியதை அழித்தாள்.

"ஓடிபி எதுனா சொன்னியா ஜெபிஷா?"

"இல்லக்கா."

"காசு போட்டியா?"

"இல்ல."

"பொழச்ச. சைபர் கிரைம் போலீசு, 1930க்குப் போன் போட்டு அந்த நம்பரச் சொல்லிடு."

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டு மின்கட்டணத்தைக் கட்டுவதே நான்தான்.

துணிமூட்டையோடு அம்மா இறங்கி வந்தாள். "என்ன ஆக்னஸ், என்ன ஆச்சு?"

நான் வாயைத் திறக்குமுன் ஆக்னஸ் அக்கா முந்திக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. டுபாக்கூர் மெசேஜு. ஜெபிஷாவே கண்டுபுடிச்சிச்சு."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ நாளாக நான் ஏங்கிய பார்வை. அதையும் ஆக்னஸ் அக்காதான் வாங்கித் தந்தாள்.

அடுத்த ஞாயிறு, மாடிப்படியில் எல்லோர் முன்னாலும் அம்மா கைபேசியை என்னிடம் நீட்டினாள். கீழ்ப்படியில் ஆக்னஸ் அக்கா வேறொருத்தியின் கைபேசியில் மூழ்கியிருந்தாள். என் பக்கம் திரும்பவேயில்லை. செய்ததைக் காட்டிக்கொள்ளாமல் அவளால் அப்படி இருக்க முடிகிறதே என்று அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.