திருப்பித் தர வேண்டிய டப்பா

என் ஜெராக்ஸ் கடையில், பேப்பர் கட்டுகளுக்கு மேலே இருக்கும் பலகையில் ஓர் எவர்சில்வர் டப்பா இருக்கிறது. ஒருவேளைச் சாப்பாடு கொள்ளும். ஒரு பக்கம் லேசாக நசுங்கியிருக்கும். மூடியின் நடுவில் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு பொட்டு. எங்கள் ஊரில் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டி வாங்குவது வழக்கம். எந்த வீட்டுக் கிண்ணம் எந்த வீட்டுக்குப் போனாலும் பெயரைப் பார்த்துத் திரும்பி வந்துவிடும். இந்த டப்பாவில் பொட்டு மட்டும்தான். ஒரு பெயர் வெட்டியிருந்தால் அது எப்போதோ மலேசியாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

எங்கள் சபை சிறியது. திருத்தணியில் ரயில் பாதையை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கூடம். பாஸ்டர் ஐயா அதை ஆரம்பித்தபோது நாற்காலிகளைவிட ஆட்கள் குறைவு. பள்ளிப்பட்டுக்காரர். தமிழில் தொடங்கி, நடுவில் அவரை அறியாமலே தெலுங்குக்குப் போய், மறுபடி தமிழில் வந்து முடிப்பார். பேச ஆரம்பித்தால் ஒன்றரை மணி நேரம். பெண்கள் அடுப்பில் வைத்துவிட்டு வந்த குழம்பை நினைத்துத் தவிப்பார்கள். கல்யாண வீட்டிலும் பேசுவார், துக்க வீட்டிலும் பேசுவார், என் கடைக்கு ஆதார் நகல் எடுக்க வந்தாலும் பேசுவார். சபையின் செக்ரட்டரி என்ற முறையில் கடிகாரத்தைக் காட்டுவது என் வேலை. அவர் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாரானவர். சாமிக்குப் படைத்ததைச் சாப்பிட மாட்டார். அவர் வீட்டுக்கு எதிரில் கரும்பு போடும் விவசாயக் குடும்பம். அந்த வீட்டம்மா ஒவ்வொரு கிருத்திகைக்கும் ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலோடு படலைத் திறந்துகொண்டு வருவார். ஐயா எழுந்து நின்று கைகூப்புவார். “படைச்சது வேணாம்மா, தப்பா நெனைக்காதீங்க. உங்க ஊட்ல சாதாரணமா ஆக்கினா குடுங்க, வயிறு ரொம்ப சாப்புட்றேன்.” அந்த அம்மா, “ஆங், ஊட்ல ஆக்கினதுதாங்க இதுவும்” என்று கிண்ணத்தைத் திரும்ப எடுத்துப் போவார். அடுத்த கிருத்திகைக்கு மறுபடியும் வருவார். நானும் இதே கட்டுப்பாட்டில் வளர்ந்தவன்தான். ஆனாலும் அந்தக் கிண்ணம் தெருவைத் தாண்டித் திரும்பிப் போவதைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும்.

மலேசியாவில் ஒரு சின்னத் தமிழ்ச் சபை ஐயாவை ஊழியத்துக்கு அழைத்தது. பத்து நாள், ஆறு கூட்டம். துணைக்கு நான். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். இரண்டாவது கூட்டத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு தெலுங்குக்குப் போனவர், தமிழுக்குத் திரும்பி வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியது. நின்ற இடத்திலேயே சாய்ந்தார்.

மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு என்றார்கள். வலக்கை, வலக்கால் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. நான்காம் நாள் ஒரு சொல் மட்டும் திரும்பி வந்தது. “ஸ்தோத்திரம்.” தாகம் எடுத்தாலும் ஸ்தோத்திரம், ஊசி குத்தினாலும் ஸ்தோத்திரம், துணி நனைந்துவிட்டாலும் ஸ்தோத்திரம். குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் நான் பொருள் கண்டுபிடிக்க வேண்டும். மற்றவர்கள் பேசுவது அவருக்கு எவ்வளவு புரிகிறது என்பதை டாக்டராலும் சொல்ல முடியவில்லை. சில சமயம் புரியலாம், சில சமயம் வெறும் சத்தமாகக் கேட்கலாம் என்றார். எங்களை அழைத்தவர்கள் வேலைக்குப் போகிறவர்கள். மாலையில் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போவார்கள். பகல் முழுக்க நான் தனி. யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாது. கடையில் நான் தினமும் நூறு பேருடைய காகிதங்களைச் சரிபார்த்துக் கொடுப்பவன். அங்கே என் கையில் இருந்த காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றே எனக்குப் புரியவில்லை.

மூக்கில் குழாய் போட்டுத்தான் உணவு. வாயால் விழுங்க ஆரம்பித்தால் ஊருக்கு அழைத்துப் போகலாம், இல்லையென்றால் வயிற்றில் துளைபோட்டுக் குழாய் வைக்க வேண்டும், அதற்குப் பிறகு பயணத்தை யோசிக்கலாம் என்றார் டாக்டர். தண்ணீராக இல்லாமல் குழைவாக எதையாவது கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். நர்ஸ் கஞ்சி கொண்டுவருவார். ஐயா உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் கெஞ்சினேன். ஒருமுறை அதட்டவும் செய்தேன், பிறகு குளியலறைக்குப் போய் அழுதேன். பாஸ்டரம்மா தினமும் வீடியோவில் வந்து, “இன்னிக்கி சாப்ட்டாரா தம்பி?” என்பார். நான் ஐயாவின் முகத்தை நோக்கி போனைத் திருப்பிவிடுவேன்.

அந்த வார்டைத் துடைக்க ஓர் அக்கா வருவார். ஐம்பது வயதிருக்கும். நான் தமிழ் பேசுவதைக் கேட்டு, “எந்த ஊருங்க தம்பி?” என்றார். திருத்தணி என்றதும் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “முருகன் ஊரா? பத்துமலைக்குப் போறப்பல்லாம் நெனைச்சுக்குவேன், ஒரு தடவை அங்க போவணும்னு.” நாங்கள் எந்த வேலையாக வந்தோம் என்று அவரிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவரே தலைமாட்டில் இருந்த பைபிளைப் பார்த்தார். “ஊழியக்காரவங்களா, சரி சரி” என்றார். அன்றிலிருந்து தன் சாப்பாட்டில் பாதியை எனக்கு எடுத்து வைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பொட்டு வைத்த டப்பாவைக் கொண்டுவந்தார். திறந்ததும் ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் மணத்தன. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. “படைச்சதாக்கா?” என்றேன்.

“ஆமா, கோயில்ல குடுத்தாங்க. ஏன், ஐயா தொடமாட்டாரா?”

கட்டிலில் ஐயா மூக்கை அசைத்தார். தலை டப்பா இருந்த பக்கம் திரும்பியது. ஒன்பது நாளாக உணவைக் கண்டால் சுவரைப் பார்த்தவர். நான் ஸ்பூனை எடுத்தேன். சொல்லாமல் ஊட்டிவிட்டால் அவருக்குத் துரோகம். சொன்னால், புரிந்துவிட்டால், வாயை மூடிக்கொள்வார். டாக்டர் குறித்திருந்தபடி மறுநாள் வயிற்றில் துளை. வேண்டாம் என்று சொல்லக்கூட வாயில்லாத மனிதரிடம் இதைக் கேட்கும்படி ஆகிவிட்டதே என்று ஆத்திரம் வந்தது. கடைசியில் அவர் காதருகில் குனிந்து, “ஐயா, இது கோயில் பொங்கல். படைச்சது” என்றேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். விழுங்கினார். ஆறு ஸ்பூன். அந்த அக்கா முந்தானையால் அவர் கடைவாயைத் துடைத்தார்.

நாங்கள் கிளம்பும் நாளில் அக்காவுக்கு விடுமுறை. முந்தின நாளே விடைபெற்றுக்கொண்டார். “ஊருக்குப் போயி திருத்தணி விபூதி கொஞ்சம் அனுப்புங்க தம்பி, வேற ஒண்ணும் வேணாம்.” ஐயா பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சரி என்றேன். ஊருக்கு வந்து ஐயா வீட்டில் பையைப் பிரித்தபோதுதான் டப்பா எங்களோடு வந்துவிட்டது தெரிந்தது. பதினெட்டு நாள் அக்கா, அக்கா என்றே கூப்பிட்டிருக்கிறேன். அவர் பெயரைக் கேட்கவே இல்லை.

சபையில் ஒவ்வொரு ஞாயிறும் என்னைச் சாட்சி சொல்ல அழைக்கிறார்கள். போன இடத்தில் பட்ட கஷ்டத்தைக் கர்த்தர் எப்படி ஆசீர்வாதமாக மாற்றினார் என்று கேட்க ஆசைப்படுகிறார்கள். நான் எழுந்து, ஐயா பிழைத்து வந்தார் என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுவேன். என்னிடம் இருந்த ஒரே சாட்சி அந்த ஆறு ஸ்பூன்தான். அதை அங்கே சொன்னால் ஐயாவின் முப்பது வருஷப் பிரசங்கத்தை நான் அழித்ததாக ஆகும். அவர் தெரிந்துதான் வாயைத் திறந்தாரா, என் பேச்சு அவருக்கு வெறும் சத்தமாகக் கேட்டதா என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. அவரையும் கேட்க முடியாது. கேட்டால் ஸ்தோத்திரம் என்பார்.

போன ஆடிக் கிருத்திகைக்கு அவரைப் பார்க்கப் போயிருந்தேன். தெரு முழுக்கக் காவடி, ‘அரோகரா’ சத்தம். எதிர்வீட்டம்மா வழக்கம்போலக் கிண்ணத்தோடு வந்து வாசலில் தயங்கி நின்றார். ஐயா இடக்கையை நீட்டினார். பாஸ்டரம்மா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். சாப்பிட்டு முடித்ததும் ஐயா அலமாரியைக் காட்டி ஸ்தோத்திரம் என்றார். தண்ணீர், மாத்திரை, கண்ணாடி என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்தார். கடைசியில், ஊருக்கு வந்ததிலிருந்து அங்கேயே இருந்த அந்த டப்பாவை எடுத்தேன். வாங்கி மடியில் வைத்து, ஒற்றைக் கையால் துண்டை வைத்து அதைத் துடைத்தார். என்னிடம் நீட்டினார். ஜன்னல் வழியாகக் கோயில் மலையைக் காட்டினார்.

அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமையும் புரிந்துதான் இருந்திருக்கிறது. நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

கூட்டம் வடிந்த பிறகு ஒரு காலையில் படியேறினேன். இந்த ஊரிலேயே பிறந்த எனக்கு அதுதான் முதல் தடவை. என் கடைக்கு வரும் பூக்காரர், “இன்னா சார், வழி தப்பி வந்துட்டீங்களா?” என்று சிரித்தார். ஒருத்தருக்குக் கொடுக்க வேண்டும் என்றேன். விபூதியை எந்தக் கையில் வாங்குவது என்றுகூடத் தெரியாமல் முன்னால் நின்றவரைப் பார்த்து வாங்கி, டப்பாவில் கொட்டிக்கொண்டேன். வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாதல்லவா.

மலேசியச் சபைக்காரர்களுக்குப் போன் செய்தேன். அவர்கள் ஆஸ்பத்திரியில் போய் விசாரித்தார்கள். துடைக்கும் வேலையின் காண்டிராக்ட் மாறி எல்லோரும் புது ஆட்களாம். பெயர் என்ன என்று கேட்டார்கள். தெரியாது. ஐம்பது வயது, தமிழ் பேசுவார், நகப்பாலிஷ் பொட்டு என்றேன். விசாரித்துப் பார்க்கிறோம் பிரதர் என்று வைத்துவிட்டார்கள். அதன் பிறகு இரண்டு முறை கூப்பிட்டேன், அதே பதில்தான்.

பாஸ்டரம்மா வாரத்துக்கு ஒருநாள் ஐயாவை வண்டியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு கடைப்பக்கம் வருவார். இன்று காலையும் வந்தார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஐயா பலகையில் இருந்த டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஸ்தோத்திரம்?” என்று கேட்டார்.

“அனுப்பிட்லாங்க ஐயா” என்றேன்.