பாட்டுக்குப் பதில் ஒரு போன்

கூடத்திலிருந்து டெலிபோன் டயல் சுழலும் சத்தம் கேட்டது. கிர்ர்ர்... டக். கிர்ர்ர்... டக்.

சமையலறையில் பட்டாணியை வடித்துக்கொண்டிருந்த அம்புஜம், கையை அப்படியே நிறுத்தி எண்ணினாள். ஐந்து... ஆறு... ஏழு! ஏழாவது எண்ணும் சுற்றி முடிந்தது. வசுமதி பயந்துபோய் பாதியில் ரிசீவரை வைத்துவிடவில்லை. அம்புஜத்தின் நெஞ்சுக்குள் யாரோ விளக்கேற்றி வைத்ததுபோல் இருந்தது.

"அக்கா! மணி அடிக்குது... ஐயையோ, எடுத்துட்டாங்க!"

"பேப்பரைப் பாத்துப் படிடி! மூச்சு விடாமப் படி!" என்று அங்கிருந்தே குரல் கொடுத்துவிட்டு, எண்ணெயில் கடுகைப் போட்டாள். கடுகு படபடவென்று வெடித்தது. அந்தச் சத்தத்தில் வசுமதி என்ன படித்தாள் என்பது அவள் காதில் விழவில்லை. விழுந்திருந்தால், அடுத்த அரை மணி நேரத்தில் அந்த வீட்டில் நடக்கவிருந்த அவமானத்துக்கு அவள் தயாராகியிருப்பாள்!

கனடாவில், பார்க்டேல் என்ற பகுதியில் இருக்கும் அந்த எட்டாவது மாடி வீட்டுக்கு அம்புஜம் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. கணவர் மோகனசுந்தரம் கட்டட வரைபடம் போடுகிற கம்பெனியில் வேலை. குழந்தை இல்லை. முதல் பனிக்காலத்தில் அவர் காலை ஏழு மணிக்குப் போனால், சாயங்காலம்வரை அவளுக்குத் துணை நாலு சுவரும் ஒரு டெலிபோனும்தான். வானிலை சொல்லும் எண்ணைக் கூப்பிட்டு, அந்தக் குரல் பேசுவதைத் திரும்பத் திரும்பக் கேட்டே அவள் ஆங்கிலம் பழகினாள். சூடு வராத ஹீட்டருக்காக முதன்முதலில் வீட்டு மேனேஜரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டபோது அவளுக்குப் பாதி வார்த்தை மறந்துபோனது. ஆனால் அன்று மாலையே ஹீட்டர் சூடாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்துத் தமிழ்ப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் குரல். ஆஸ்பத்திரிக்கு நேரம் வாங்கவா, பள்ளிக்கூடத்தில் பேசவா, "போன் அக்காவைக் கூப்பிடு" என்பார்கள்.

இந்த 1977 அக்டோபரில் அந்தக் குரலுக்கு ஒரு பெரிய சோதனை வந்தது.

நவராத்திரி தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, நீல நிறத்தில் ஒரு விமானத் தபால். எழுதியவள் தங்கை கோமதி. முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு பால்வாடியில் ஆசிரியை. இரண்டு வருஷமாக மழை இல்லை. அறுபத்திரண்டு பிள்ளைகளுக்குத் தினமும் அவள் கரைத்துக் கொடுக்கிற பால் பவுடர் கனடாவிலிருந்து உதவியாகப் போவது. 'அக்கா, தை மாசத்துக்கு மேல டின் வருமாங்கிறது சந்தேகம்னு மேலிடத்துல சொல்றாங்க. உங்க ஊர்லயே குறைக்கப் போறாங்களாமே? நீ அங்கதானே இருக்கே, யார்கிட்டயாவது கேட்டுப் பாரேன்' என்று எழுதியிருந்தாள்.

நீ அங்கதானே இருக்கே! அந்த ஒரு வரி அம்புஜத்தைத் தூங்க விடவில்லை. பேப்பரைப் பார்த்தாள். உண்மைதான். வெளிநாட்டு உதவியைக் குறைக்க வேண்டும் என்று தலைநகர் ஒட்டாவாவில் பேச்சு அடிபட்டது. அவர்கள் தொகுதி எம்.பி. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இன்னும் வாய் திறக்கவில்லை. இந்த மாசக் கடைசியில் திறப்பாராம்.

"அடுத்தவன் வீட்டு விருந்துல உக்காந்துக்கிட்டு, உப்பு பத்தலைன்னு சொல்லலாமா அம்பு?" என்று மோகனசுந்தரம் தயங்கினார்.

"விருந்தாளியா? ரெண்டு வருஷத்துக்கு முன்னால கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணிக் குடியுரிமை வாங்கினோமே, அது எதுக்கு அத்தான்? சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டவா?" என்றாள் அவள். 

அப்போது உதித்ததுதான் அந்த யோசனை. கொலுவுக்கு வரும் பெண்களை ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்பதும், அவர்கள் "தொண்டை கட்டியிருக்கு" என்று நெளிவதும் நம் வழக்கம்தானே? கடையில் பால் பாக்கெட் வைக்கும் பிளாஸ்டிக் கூடைகளை அடுக்கிப் பட்டுப்புடவை போர்த்திய ஐந்து படிக் கொலுவுக்கு முன்னால் நின்று அம்புஜம் அறிவித்தாள்: "இந்த வருஷம் யாரும் பாட வேண்டாம். ஆளுக்கு ஒரு போன் பண்ணுங்க, போதும்."

எம்.பி.யின் அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும். அதனால் விளக்கேற்றும் நேரம் பிற்பகல் மூன்றுக்கு வந்துவிட்டது. "அம்பாளுக்கே ஆபீஸ் டைம் வச்சுட்டீங்களே அக்கா!" என்று சிரித்தார்கள். ஆனாலும் வந்தார்கள். ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறவர்களுக்காக, பேச வேண்டிய நாலு ஆங்கில வரியை அம்புஜமே தமிழ் எழுத்தில் எழுதி டெலிபோன் பக்கத்தில் வைத்திருந்தாள்.

சுண்டலை எடுத்துக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தபோது, வசுமதி வியர்த்து வழிய ரிசீவரை வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஆறு மாசத்துக்கு முன்புதான் மதுரையிலிருந்து வந்த பெண்.

"சொல்லிட்டேன் அக்கா! ஒரு வார்த்தை விடலை!"

"என் தங்கம்!" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினாள் அம்புஜம்.

ஜமக்காளத்தில் இன்னும் நாலு பெண்கள் இருந்தார்கள். சோபாவில் மட்டும் அகிலாண்டேஸ்வரி. பக்கத்துத் தெருவில் சொந்த வீடு, டாக்டர் மனைவி, கான்வென்ட் படிப்பு.

"அடுத்தது நீங்கதான், அகிலா அக்கா" என்றாள் வசுமதி குறும்பாக.

"என்னை விட்டுருங்க." அகிலாண்டேஸ்வரி சுண்டல் கிண்ணத்தைத் தொடவில்லை. "பாடச் சொல்லுங்க, பாடறேன். எங்க நாட்டுக்குப் பிச்சை போடுங்கன்னு போன் பண்ணிக் கேக்கச் சொல்லாதீங்க."



"பிச்சையா?" அம்புஜம் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வேற என்னங்க அம்புஜம்? டி.வி.யில ஒரு எலும்பும் தோலுமான குழந்தையைக் காட்டறான். மறுநாள் காலையில பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பாத்துப் பரிதாபமாச் சிரிக்கிறா. என் குழந்தைங்க சாப்பிட்டாச்சான்னு கேக்கறா! அவர் இங்க எத்தனை பேருக்கு ஆபரேஷன் பண்றார் தெரியுமா? நாம தலை நிமிர்ந்து நடக்கிறதா, இல்லை..."

அவள் முடிக்கவில்லை. வாசல் கதவு தட்டப்பட்டது.

வெளியே ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நின்றாள். அறுபது வயதிருக்கும். தடித்த கோட்டு, கையில் தோல் பை. எம்.பி.யின் தொகுதி அலுவலகத்தில் வேலை செய்கிறவள், பெயர் மிஸஸ் ஹெண்டர்சன் என்று அறிமுகப்படுத்திக்கொண்டாள். அம்புஜத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அலுவலகமே வீடு தேடி வந்துவிட்டதே!

"மிஸஸ் மோகனசுந்தரம்" என்று அவள் வாசலிலேயே நின்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "இன்று சீக்கிரம் கிளம்பினேன். நான் வீட்டுக்குப் போகிற வழி இது. நேரில் சொல்வது மரியாதை என்று வந்தேன். நேற்று வரைக்கும் நீங்கள் எங்களைப் பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறீர்கள்."

"நானா? நான் ஒரே தடவைதான்..."

"ஒரே பெயர், ஒரே விலாசம், ஒரே நாலு வரி. குரலை மட்டும் மாற்றிக்கொள்கிறீர்கள். ஒரு நாள் சின்னப் பெண் மாதிரி, ஒரு நாள் ஜலதோஷம் பிடித்த மாதிரி. ஒரு ஆளுக்கு ஒரு குரல்தான், அம்மா. பதினொன்றையும் சேர்த்து ஒன்று என்றுதான் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து இனிமேல் இப்படிச் செய்யாதீர்கள்."

அம்புஜம் மெதுவாகத் திரும்பினாள். "வசுமதி... நீ என்னன்னு படிச்ச?"

"நீங்க எழுதினதைத்தான் அக்கா. மை நேம் இஸ் மிஸஸ் அம்புஜம் மோகனசுந்தரம்..."

"என் பேரை ஏண்டி சொன்ன? உன் பேரைச் சொல்லணும்னு உனக்குத் தெரியாதா?"

வசுமதியின் கண்கள் குளமாகின. "ஸ்லோகத்துல கடைசியில எழுதினவர் பேர் வரும். அதை மாத்தி நம்ம பேரையா அக்கா சொல்றோம்? அப்படியே சொன்னாத்தானே பலிக்கும்னு..."

ஜமக்காளத்தில் இருந்த நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலை குனிந்தார்கள். அவள் அடுப்படியில் நின்ற நேரமெல்லாம் எல்லாரும் அப்படியேதான் படித்திருக்கிறார்கள்! எட்டு நாள் உழைப்பு. அறுபத்திரண்டு பிள்ளைகளுக்காக எழுந்த அத்தனை குரலும், ஒரு பைத்தியக்காரி குரலை மாற்றிப் பேசியதாகக் கணக்காகிவிட்டது. தப்பு யாருடையது? எப்போதும் எல்லாருக்கும் தானே பேசிப் பேசி, அவர்களுக்கென்று ஒரு குரல் வேண்டும் என்பதையே மறந்துபோனவள் அவள்தானே!

அகிலாண்டேஸ்வரியின் பார்வை முதுகில் குத்துவது தெரிந்தது. அழுதுவிடலாம் போலிருந்தது. ஆனால் அழுதால் பால் டின் வருமா? அம்புஜம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நிமிர்ந்தாள்.

"உள்ளே வாருங்கள், மிஸஸ் ஹெண்டர்சன். எங்கள் வீட்டில் இன்று பண்டிகை. வந்த பெண்ணை வாசலோடு அனுப்பக் கூடாது. உங்களைக் கூப்பிட்ட குரல்களுக்கு முகம் இருக்கிறது. பார்த்துவிட்டுப் போங்கள்."

மிஸஸ் ஹெண்டர்சன் தயங்கினாள். பிறகு காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கொலுவை வியப்போடு பார்த்தாள். மரப்பாச்சிக்குப் பக்கத்தில் நின்ற ஐஸ் ஹாக்கிப் பொம்மையைப் பார்த்ததும் அவளையறியாமல் சிரித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்தாள்.

"சரி. பெயரை எழுதிக்கொள்கிறேன். ஆனால் பேப்பரைப் பார்த்துப் படித்தால் எழுத மாட்டேன். அவரவர் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும்."

டெலிபோன் பக்கத்திலிருந்த அந்தக் காகிதத்தை அம்புஜம் எடுத்தாள். எல்லாரும் பார்க்க, இரண்டாகக் கிழித்தாள்.

"நான் அம்புஜம். எனக்குக் குழந்தை இல்லை" என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். குரல் ஒருமுறை உடைந்தது. அவள் அதை விடவில்லை, பிடித்து இழுத்து வந்தாள். "என் தங்கை அறுபத்திரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுக்கிறாள். அங்கேயே குடிக்க வேண்டும், வெளியே எடுத்துப் போகக் கூடாது என்பது சட்டம். ஒரு பையன், ஐந்து வயது, தினமும் பாதியைக் குடித்துவிட்டு, டம்ளரைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போகிறானாம். வீட்டில் தங்கச்சிப் பாப்பா இருக்கிறது. என் தங்கை பார்க்காதவள் போலத் திரும்பிக்கொள்கிறாள். தை மாதத்துக்குப் பிறகு அவன் எதை மறைத்து எடுத்துப் போவான்? என் எம்.பி.யிடம் அதைத்தான் நான் கேட்கிறேன்."

மிஸஸ் ஹெண்டர்சனின் பேனா எழுதிக்கொண்டே போனது.

"நான் வசுமதி" என்று ஒரு மெல்லிய குரல் எழுந்தது. வந்த ஆங்கிலம் அவ்வளவுதான். மிச்சத்தைத் தமிழில் கொட்டினாள். "எனக்கு இப்ப நாலு மாசம். இங்க டாக்டர் என்னைப் பால் குடி, பால் குடிங்கறார். குடிக்கும்போதெல்லாம், நீங்க லெட்டர்ல படிச்சுக் காட்டினீங்களே, அந்தப் பையன் நெனப்பு வருது. அதைச் சொல்லுங்க அக்கா!"

அதை ஆங்கிலத்தில் சொல்ல அம்புஜம் வாய் திறப்பதற்குள், சோபாவிலிருந்து வேறொரு குரல் அதைச் சொன்னது. தெளிவான கான்வென்ட் ஆங்கிலம். அகிலாண்டேஸ்வரி! வசுமதி சொன்னதை ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்துவிட்டு, அவள் அங்கேயே நிறுத்தவில்லை.

"என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். அகிலாண்டேஸ்வரி. பத்து நிமிஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் கூப்பிட மாட்டேன் என்றிருப்பேன். எனக்கு வெட்கம். இந்த ஊரில் யாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்படக் கூடாது என்ற வெட்கம்." அவள் அம்புஜத்தின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்: "என் மானத்துக்கு ஒரு பச்சைக் குழந்தையோட டம்ளரா விலை? அது வேண்டாங்க அம்புஜம்."

அம்புஜம் ஓடிப்போய் அவள் கைகளைப் பற்றிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தடை இல்லை. நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். உடைந்த ஆங்கிலத்திலும் உடையாத தமிழிலும், அகிலாண்டேஸ்வரி எடுத்துச் சொல்ல, ஏழு பெயர்கள் குறிப்பேட்டில் ஏறின. முந்தின நாட்களில் வந்து போன் பண்ணிவிட்டு இன்றைக்கு வராத மற்ற ஆறு பேரும் திங்கட்கிழமை அவரவர் பெயரில் கூப்பிடுவார்கள் என்றும் சொல்லியாயிற்று.

மிஸஸ் ஹெண்டர்சன் எழுந்தாள். அம்புஜம் தட்டில் ஆப்பிளும் மஞ்சள் துண்டும் ரவிக்கைத் துணியும் வைத்து நீட்டினாள். அலுவலகத்தில் இருப்பவள் பரிசு வாங்கக் கூடாது என்று அவள் ஆப்பிளை மட்டும் எடுத்துக்கொண்டாள். ஆனால் குங்குமத்துக்கு நெற்றியைக் குனிந்து காட்டினாள்.

வாசலில் காலணியை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இதை அவர் மேஜையில் வைப்பது என் பொறுப்பு. அவர் என்ன பேசுவார் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது."

"வேண்டாம். திங்கட்கிழமை உங்கள் போன் அடிக்கும். அவர் எங்கள் பக்கம் பேசாவிட்டால், செவ்வாய்க்கிழமையும் அடிக்கும்."

"பதின்மூன்று தடவையா?" மிஸஸ் ஹெண்டர்சனின் கண்களில் குறும்பு மின்னியது.

"பதின்மூன்று பெயர்" என்றாள் அம்புஜம்.

நெற்றிக் குங்குமத்தைத் துடைக்காமலே அந்தப் பெண்மணி தாழ்வாரத்தில் நடந்தாள். லிஃப்ட் அவளை வாங்கிக்கொள்ளும்வரை அம்புஜம் வாசலில் நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.