விசில் ஊதாத கண்டக்டர்

இதை எழுதுகிறவன் தன் வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குக் கிளம்பியவன். புதுச் சட்டைப் பையில் பேனாவைக் குத்திக்கொண்டு, முதல் நாள் காலையில் பேருந்தில் ஏறி மிடுக்காக டிக்கெட் கேட்டான். கண்டக்டர் அக்கா அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "உள்ள போப்பா, படியில நிக்காத" என்றதோடு சரி. அந்த நேரம் டிரைவர் ஏதோ சொல்ல, வண்டியே குலுங்கிச் சிரித்தது. அக்கா மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தார். அந்த வண்டியில் அவருக்குப் பெயரே 'உம்மணாமூஞ்சி'தான்.

டிரைவர் வாய் ஓயாதவர். பயணி ஒருவர் ஏறியதும் ஏறாததுமாக, "வண்டி எப்பங்க கிளம்பும்?" என்பார். "நான் ஏறினதும் கிளம்பும். நான் ஏறாம கிளம்பிட்டா எனக்கும் கொஞ்சம் சொல்லிவிடுங்க" என்று டிரைவரிடமிருந்து பதில் வரும். பிரேக் கிறீச்சிட்டால், "பயப்படாதீங்க, எங்க வீட்டுல கொஞ்ச நாள் இருந்து கத்தப் பழகிட்டு வந்திருக்கு" என்பார்.

அக்காவுக்கும் சிரிப்பு வரும். குடல் புரளச் சிரிப்பு வரும். அதுதான் வினையே என்று அவரே பின்னாளில் சொன்னார். மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு சிரித்தாலும் தும்மினாலும் அவருக்குச் சிறுநீர் கசிய ஆரம்பித்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், டிரைவர் சொன்ன ஒரு கதைக்கு வாய்விட்டுச் சிரித்துத் தொலைத்தார். அன்று கடைசி நிறுத்தம் வரை பணப்பையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, பின்வாசல் ஓரமாகவே நின்றார். அதோடு சிரிப்பு போயிற்று.

விசிலும் போயிற்று. மூச்சை இழுத்து ஊதினால் அடிவயிறு இறுகும், கசியும். அதனால் பணப்பைச் சாவியால் கம்பியில் இரண்டு தட்டு. டிரைவருக்கு அதுதான் 'ரைட்டு'.

நாத்தனாரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "மூணு பெத்தா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும். இதைப் போய் எவகிட்டயாவது சொல்லிக்கிட்டு இருக்காத" என்று அவள் பேச்சை மாற்றிவிட்டாள். அக்கா தானாக ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். தண்ணீர் உள்ளே போனால்தானே வெளியே வரும்? காலையில் ஒரு வாய் தேநீர், அவ்வளவுதான். வெயிலில் தகரம் கொதிக்கும், நாக்கு அண்ணத்தில் ஒட்டும், பாட்டில் பைக்குள் அப்படியே கிடக்கும். மாலையில் வீட்டுக்குப் போனால் பேசக்கூடத் தெம்பிருக்காது. பிள்ளைகள் ஏதாவது கேட்டால், "நாளைக்குச் சொல்லு சாமி" என்று சுவரோரம் சரிந்துவிடுவார். போகப் போக, நீர் பிரியும்போது எரிச்சலும் சேர்ந்துகொண்டது. போய்விட்டு வந்த கையோடு மறுபடியும் முட்டும். அந்தத் தடத்தின் இரண்டு முனையிலும் சுத்தமான கழிப்பறை இருந்தது. நடுவில் டிரைவர் தேநீருக்கு நிறுத்தும் பெட்ரோல் பங்கிலும் ஒன்று இருந்தது. அந்த மூன்றையும் நம்பித்தான் அவருடைய பிழைப்பு ஓடியது.

ஒருநாள் கூட்டம் பிதுங்கியது. ஒரு காய்கறிக்காரம்மா கூடையோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பயணியின் எவர்சில்வர் தூக்கு கம்பியில் இரண்டு தரம் இடிக்க, அதை அக்காவின் தட்டு என்று நினைத்து டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். கூடை உருண்டது. அந்த அம்மா முழங்கால் சிராய்ப்போடு தப்பினார். அன்று டிரைவர் வேடிக்கைப் பேச்சு எதுவும் பேசவில்லை. நேராக டிப்போ மேலாளரிடம் போனார்.

மேலாளர் மறுநாள் அக்காவைக் கூப்பிட்டார். "விசில் ஊத மாட்டேங்கிறியாம்மா. டிரைவர் வேற ஆள் கேக்குறார். அடுத்த வாரம் நீ நெடுந்தூர வண்டிக்குப் போயிடு. எங்கயும் நிக்காது, ஏற எறங்க ஆளில்ல, விசிலே வேணாம். உனக்கு நல்லதுதான்."

எங்கேயும் நிற்காது. அந்த ஒரு சொல்லுக்கே அக்காவுக்கு அடிவயிறு முட்டியது. போனால் மானம் போகும், மாட்டேன் என்றால் வேலை போகும். டிரைவர் மனசு வைத்தால்தான் உண்டு. அவரிடம் எந்த வாயால் சொல்வது?

அன்று கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு, அக்கா டிரைவர் இருக்கைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அண்ணே, என்னை மாத்தச் சொன்னீங்களாமே."

"பின்ன என்ன தங்கச்சி? ஒரு உசுரு போயிருந்தா யாரு பதில் சொல்றது? ஊதுன்னா ஊத மாட்டேங்கிற. நான் என்ன சொன்னாலும் மூஞ்சியத் திருப்பிக்கிற. என்மேல அப்படி என்ன கோபம் உனக்கு?"

"கோபமெல்லாம் இல்லண்ணே. ஊதினா… சிரிச்சா… எனக்கு அடக்க முடியாது."

"எதை?"

அக்கா கண்ணாடியில் தெரிந்த அவர் கண்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "அதாண்ணே. ஒண்ணுக்கு."

டிரைவர் ஸ்டீயரிங்கைத் துடைத்த துண்டால் மறுபடி அதையே துடைத்தார். பிறகு, "நான் சொல்றது நல்லா இல்லன்னுதான் நீ சிரிக்கலன்னு இத்தனை நாளா நினைச்சேன்" என்றார்.

"நல்லாத்தான் இல்ல. ஆனா சிரிப்பு வந்து தொலைக்குதே."

அவர் சிரிக்கப் போனார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். பிறகு தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார்: "எங்க வீட்டுக்காரி எந்த விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் பஸ்ஸுல வர மாட்டேங்கிறா. முட்டி வலியாம். ஆனா அதே முட்டியோட மாடிக்கு ஏறித் துணி காயப்போடுறா. இப்பத்தான் புரியுது, சனியன் பிடிச்ச எனக்கு."

மறுநாள் அவரே மேலாளரிடம் போய், "தப்பு என்மேலதான் சார், கண்ணாடியப் பாக்காம எடுத்துட்டேன். தங்கச்சி என் வண்டியிலயே இருக்கட்டும்" என்றார். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வார விடுமுறையில் தன் மனைவியை அக்காவோடு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்.

பெண் டாக்டர் இரண்டு பேரையும் தனித்தனியாகப் பார்த்தார். அக்காவின் சிறுநீரைச் சோதித்துவிட்டுத் தொற்றுக்கு மாத்திரை எழுதினார். தண்ணீர்க் கதையைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரும்மா உங்களுக்கு இந்த யோசனை சொன்னது?"

"நானேதாங்க."

"நல்ல டாக்டர்! குடிக்காம இருந்தா நீர் கெட்டியாகி எரிச்சல்தான் கூடும். தண்ணி குடிங்க, டீயக் குறைங்க. கசியறதுக்குப் பயிற்சி இருக்கு. ஒண்ணுக்கை அடக்குற மாதிரி உள்ளுக்குள்ள இழுத்துப் பிடிச்சு, மெல்ல விடணும். தினமும் செய்யணும், மாசக்கணக்காகும். சலிச்சுப்போய் விட்டுடாதீங்க."

"சலிப்பெல்லாம் பழகினதுதாங்க" என்றார் அக்கா.

வெளியே வந்ததும் டிரைவரின் மனைவி, "என் மனுஷன் உங்களையும் சிரிக்க வச்சே கொன்னாரா?" என்று கேட்டார். இருவரும் மரத்தடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்த கையோடு இருவரும் கழிப்பறையைத் தேடி ஓடினார்கள்.

அக்கா இன்றும் அதே வண்டியில்தான் இருக்கிறார். எரிச்சல் போய்விட்டது, கசிவு குறைந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை. நிறுத்தம் வந்தால் முதலில் உள்ளுக்குள் இழுத்துப் பிடிக்கிறார், அப்புறம் விசில் ஊதுகிறார். உடம்பு அசந்த நாளில் ஊதாமல், "போலாம்ணே" என்று குரல் கொடுக்கிறார். டிரைவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறார்.