சயாமில் செத்தவர்களுக்குப் பதில் சொன்னவர்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் ஜாலான் புசார் கடைத்தெருவில் மூன்று இரும்புக்கடை போட்டவன். யாரிடமும் யோசனை கேட்டதில்லை. அப்பாவுக்கு நினைவு தடுமாறியபோதுதான் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் ஒருவரை வீட்டுக்கு அழைத்தேன். ஒல்லியான ஆள், பேசும்முன் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொள்வார்.

ஜப்பான்காரன் காலத்தில் அப்பா சயாம் ரயில் பாதை போட்ட கூலிகளுக்குக் கங்காணி. அங்கே செத்த கூலிகளின் பெயர்களைத் தினமும் காலையில் கூப்பிடுவார். பதில் வராவிட்டால் சுவரில் தலையை மோதிக்கொள்வார்.

"அடக்குற மாத்திரை இருக்காமே, குடுங்க தம்பி."

"குடுக்கலாம் முதலாளி. கத்தமாட்டாரு. ஆனா மரமாட்டம் உக்காந்திருப்பாரு, எழுந்து நடந்தா விழுவாரு. பரவாயில்லையா?"

அதற்குள் அப்பா பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். டிரெஸ்ஸர் எழுந்து நின்று ஒவ்வொரு பெயருக்கும் "இருக்கேங்க" என்றார். அப்பா தலையாட்டினார். ஒரு பெயருக்கு மட்டும் டிரெஸ்ஸர் வாய் திறக்கவில்லை. அப்பா சுவரில் மோதவில்லை. அவரையே உற்றுப் பார்த்து, "ஒங்கப்பன ஆத்தோரமாத்தான் பொதைச்சோம்" என்றார்.

"நான் பதில் சொல்லாத அந்தப் பேரு எங்கப்பா பேருதான் முதலாளி. நான் இங்க யாருகிட்டயும் சொன்னதில்லையே."

மாத்திரைகளை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நான் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. அப்பா இருந்தவரை தினமும் நானே எழுந்து நின்று பதில் சொன்னேன். அந்த ஒரு பெயருக்கு மட்டும் பேசாமல் நின்றேன்.