பத்து மடங்கு வேகமான கார்டு

போன வாரம், வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகளின் போன் பகல் முழுக்க அணைந்து கிடந்தது. சார்ஜ் தீர்ந்துவிட்டதாம், அவ்வளவுதான். மாலையில் அவள் முகம் திரையில் வந்து சிரித்த பிறகும் அழைப்பைத் துண்டிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்குத்தான் மாமாவின் பிரவுசிங் சென்டர் நினைவுக்கு வந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நான் பள்ளியில் படித்த காலத்தில் கொடைக்கானல் கடைத்தெருவில் நான்கு கம்ப்யூட்டர்கள் வைத்திருந்தார். கோடை மழையில் இடி இறங்கினால் கம்பி வழியே வந்து ஏதாவது ஒரு மெஷினின் நெட்வொர்க் கார்டைத் தின்றுவிட்டுப் போகும். கம்ப்யூட்டரை வயரோடு சேர்க்கிற உள்ளங்கை அளவுப் பச்சைத் தகடு அது. அந்த முறை கேமரா இருந்த மெஷினுடைய கார்டு போயிற்று. மற்ற மெஷின்கள் பழையவை. கேமராவைச் செருக அவற்றில் இடமே கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேமராவில் பெரியம்மாவைப் பார்ப்பதாக ஏற்பாடு. குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தியாவுக்குக் கிளம்பியபோது, கல்யாணமாகி அங்கேயே தங்கிவிட்டவள் பெரியம்மா. அப்போது அம்மா சிறுமி, மாமா கைக்குழந்தை. தன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த பெரிய அக்காவின் முகம் மாமாவுக்கு நினைவில் இல்லை. இருந்த ஒரே போட்டோவும் பனி ஈரத்தில் பூஞ்சணம் பூத்துப் போயிருந்தது.

நானும் அம்மாவும் எங்கள் ஊர் பூண்டியிலிருந்து வெள்ளனே பஸ் ஏறி வந்தோம். கேரட் கழுவும் கூலி வேலைக்குப் போகும் அம்மா அன்று கல்யாணங்களுக்கு எடுக்கும் புடவையைக் கட்டியிருந்தாள்.

எரிந்துபோன கார்டையும் திண்டுக்கல்லில் வாங்கிய புதியதையும் மாமா என் முன்னால் வைத்தார்.

“ஏ கழுத, பேப்பர்ல ஆறு வித்தியாசம் கண்டுபிடிப்பேல்ல? இதுல கண்டுபிடி பாப்போம்.”

ஒரே கம்பெனி, ஒரே பெயர். பழையதில் பெரிய சில்லு, புதியதில் சின்னது. பழையதில் ஒரு விளக்கு, புதியதில் இரண்டு. பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து மட்டும் கூடியிருந்தது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல மாமா தலையாட்டினார்.

“பழசவிட இது பத்து மடங்கு வேகம்க்கா. பெரியக்கா மொகம் கண்ணாடி மாதிரி தெரியும், பாரு.”

கார்டை ஓடவைக்கும் மென்பொருள் ஒரு ஃப்ளாப்பியில் வரும்; புதிய கார்டோடு வரவேண்டிய அது பெட்டியில் இல்லை. “பேரு ஒண்ணுதான, ஏத்துக்கிரும்” என்று பழைய கார்டின் ஃப்ளாப்பியைப் போட்டார். அது ஏற்றுக்கொள்ளவில்லை. மாற்றிப் போட்டார், அணைத்துப் போட்டார், கழற்றித் துடைத்துப் போட்டார்.

பக்கத்து மெஷினில் எழுத்தாகச் செய்தி வந்துகொண்டிருந்தது. பெரியம்மா தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து அங்குள்ள பிரவுசிங் கடையில் காத்திருப்பதாக அந்தக் கடைப் பையன் அனுப்பினான். அஞ்சு நிமிஷம் என்று மாமா அடித்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே அடித்தார்.

“ஏலே, இந்த மெஷின்ல ஓடுற கார்ட கழட்டி அதுல மாட்டக்கூடாதா?” என்றாள் அம்மா.

“அதுவும் பழசுக்கா. கலங்கலா வரும். இத்தன வருசம் கழிச்சுக் கலங்கலாவா பாக்கணும்?”

அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்கும் தெளிவாகப் பார்க்க ஆசை இருந்திருக்கும்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று செய்தி வந்ததும் மாமா பாய்ந்து பக்கத்து மெஷினில் ஓடிக்கொண்டிருந்த கார்டைப் பிடுங்கினார். அத்தோடு எழுத்துச் செய்தியும் அறுந்தது. அதை மாட்டியதும் கேமரா மெஷின் மெள்ள விழித்து, லைன் பிடித்து, படம் வந்தபோது அதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் இருந்தது.

“அந்த அம்மா இப்பத்தான் எறங்கிப் போறாங்க,” என்றது ஸ்பீக்கரில் பையனின் குரல். “நல்லா நேரம் பாத்துக்கிட்டு இருந்தாங்க. பஸ்ச விட்டா தோட்டத்துக்குப் போக ஏலாதே.”

“தம்பி, கேமராவ அசைக்காத. கொஞ்சம் அப்படியே இருக்கட்டும்ப்பா” என்றாள் அம்மா.

“ஆளே இல்லையேம்மா” என்று நான் அவள் கையை இழுத்தேன். “சும்மா இரு” என்றாள், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

மாமா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியது. புது கார்டு வீணாகிவிட்ட வருத்தம் என்று நினைத்து, “நாளைக்கு ஓடும் மாமா” என்று சமாதானம் சொன்னேன்.

பெரியம்மாவுக்கு மறுபடி டவுனுக்கு வர வாய்க்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் அவள் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. பின்னாளில் கம்ப்யூட்டர் படித்தபோதுதான் புரிந்தது, மலையேறி வந்த அந்த டெலிபோன் லைனின் வேகத்துக்குப் பழைய கார்டே மிக அதிகம் என்று. புதியதில் அவள் முகம் ஒரு துளிகூடத் தெளிவாகத் தெரிந்திருக்காது. மாமாவுக்கு இது எப்போது தெரிந்தது என்று நான் கேட்டதில்லை.

ஆனால் கார்டு ஓடியது. பெரியம்மாவைத் தவறவிட்டதற்கு அடுத்த ஞாயிறு நான் போயிருந்தபோது மாமா சரியான ஃப்ளாப்பியைப் போட, இரண்டு விளக்குகளும் பச்சையாக எரிந்தன. நான் கைதட்டினேன். ஊர் திரும்பியதும் கேரட் கழுவும் ஓடைக்கே ஓடினேன்.

“அம்மா, புது கார்டு ஓடுது! பத்து மடங்கு வேகம்!”

அம்மா நிமிர்ந்தாள். “பெரியம்மா வந்தாளா?”

“இல்ல, கார்டு ஓடுது.”

அவள் மறுபடி தண்ணீருக்குள் குனிந்துகொண்டாள். பாவம், அம்மாவுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.